சுகர் மிஷின் மலிவு, ஸ்ட்ரிப் தான் வில்லங்கம்

டிஸ்கி: இது மருத்துவக் கட்டுரை இல்லை. நான் டாக்டருக்குப் படிக்கவில்லை, பி.காம். மூன்றாம் வருடம். இதில் வருவதெல்லாம் ஒரு நுகர்வோரின் புலம்பல். மருந்து, டோஸ் விஷயமெல்லாம் உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா என் மேஜை டிராயரைத் திறந்து, "இதையெல்லாம் எதுக்குடா சேர்த்து வச்சிருக்க? ஒண்ணு யூஸ் பண்ணு, இல்ல தூக்கிப் போடு" என்றார். உள்ளே மூன்று சுகர் மிஷின்கள். குளுக்கோமீட்டர் என்று சொன்னால்தான் மரியாதை. ஆனால் எங்கள் வீட்டில், மெடிக்கல் ஷாப்பில், ஏன், எங்கள் டாக்டரே கூட சுகர் மிஷின் என்றுதான் சொல்வார்.

மூன்றும் ரிப்பேர் இல்லை. செல் போட்டால் மூன்றும் பளிச்சென்று எரியும். ஆனால் மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை கூட சுகர் பார்க்க முடியாது. எதற்கும் ஸ்ட்ரிப் இல்லை.

நன்றாக வேலை செய்கிற ஒரு பொருள் எப்படிக் குப்பை ஆகிறது? இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். செமஸ்டர் லீவு கிடைத்தது, உட்கார்ந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்கு: எனக்கு டைப் 1 சர்க்கரை நோய். பதின்மூன்று வயதில் வந்தது. கேள்விப்படுகிற ஒவ்வொருவரும் முதலில் கேட்பது, "இவ்ளோ சின்ன வயசுலயா? ஸ்வீட் நிறைய சாப்பிட்டியா?" இல்லைங்க. டைப் 1 ஸ்வீட் சாப்பிட்டு வருவதில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே, கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களை எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறது. இதற்கு மாத்திரை போதாது. தினமும் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும்.

எவ்வளவு போடுவது என்பதில்தான் சிக்கல். கொஞ்சம் கூடிப் போனால் சர்க்கரை இறங்கி கை நடுங்கும், வியர்க்கும், கவனிக்காமல் விட்டால் மயக்கம் வரை போகும். குறைந்து போனால் சர்க்கரை ஏறிக்கொண்டே போய் வேறு விதமான ஆபத்து. அதனால் ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ராத்திரி வண்டி ஓட்டுகிறவனுக்கு ஹெட்லைட் மாதிரி எங்களுக்கு இந்த மிஷின். நான் பார்க்க வேண்டியது ஒரு நாளைக்கு நாலு தடவை.

இந்த வசதி ரொம்பப் பழசு ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் சிறுநீரில் பெனடிக்ட் கரைசல் விட்டு சூடு பண்ணி, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப் எடுத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அது சில மணி நேரத்துக்கு முந்தைய கதையைத்தான் சொல்லும். ரத்தத்தில் பார்க்கிற முதல் மிஷின் 1970-ஐ ஒட்டி அமெரிக்காவில் வந்தது. கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை. அதையும் டாக்டர்களுக்கு மட்டும்தான் விற்றார்கள். ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்று ஒரு இன்ஜினியர், பன்னிரண்டு வயதிலிருந்து டைப் 1. அவருடைய மனைவி டாக்டர். மனைவி பெயரில் அந்த மிஷினை வாங்கி, தினமும் பல தடவை தன் ரத்தத்தைத் தானே சோதித்து, அதற்குத் தக்கபடி இன்சுலினை மாற்றிப் பார்த்தார். உடம்பு தேறியது. இதை எழுதி அனுப்பினால் மருத்துவப் பத்திரிகைகள் கண்டுகொள்ளவில்லை. மனுஷன் நாற்பத்தைந்து வயதில் மெடிக்கல் காலேஜில் சேர்ந்து தானே டாக்டர் ஆகிவிட்டார்! 2025-ல்தான் காலமானார். இன்றைக்கு நான் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து விரலைக் குத்தி ஐந்து வினாடியில் ரிசல்ட் பார்க்கிறேன் என்றால் அதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அதனால் டெக்னாலஜி மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை விற்கிற விதத்தில்தான் வருத்தம்.

இனி அந்த மூன்று மிஷின்களின் கதை. (உண்மையில் ஐந்து. பொறுமை, வருகிறேன்.)

முதல் மிஷின், நோய் கண்டுபிடித்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருந்த மெடிக்கலில் அப்பா வாங்கியது. நான்கு வருடம் நன்றாக உழைத்தது. ஒரு நாள் கடைக்காரர், "அந்த மாடல் ஸ்ட்ரிப் இப்ப வர்றதில்ல தம்பி, புது மாடல் வந்திருச்சு" என்றார். நாலு கடை ஏறி இறங்கினோம். எங்கேயும் இல்லை. கம்பெனி எண்ணுக்குப் போன் பண்ணினால், "உங்கள் மிஷின் அப்கிரேட் ஆகிவிட்டது சார்" என்று சொன்னார்கள். என் கையில் இருக்கிற மிஷின் எனக்கே தெரியாமல் எப்படி அப்கிரேட் ஆகும் என்று இன்னும் புரியவில்லை.

இரண்டாவது, சிங்கப்பூரில் இருக்கும் மாமா ஆசையாக வாங்கி வந்தது. பார்க்க அவ்வளவு அழகு. முதல் தடவை ரத்தம் வைத்தேன், 6.2 என்று காட்டியது. எனக்குப் பகீர் என்றது. 70-க்குக் கீழே போனாலே லோ, இது ஆறா? ஆறு என்றால் நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவே முடியாதே! அப்புறம்தான் தெரிந்தது, அங்கெல்லாம் மில்லிமோல் கணக்கு, நம் ஊரில் மில்லிகிராம் கணக்கு. அந்த எண்ணை 18-ஆல் பெருக்க வேண்டும். 6.2 என்றால் 112. அருமையான சுகர். மாமா கொண்டுவந்த ரெண்டு டப்பா ஸ்ட்ரிப் தீர்ந்ததும் அந்த மிஷின் டிராயருக்குள் போய்விட்டது, அந்த ஸ்ட்ரிப் இங்கே கிடைக்கவில்லை.

மூன்றாவது, நான் காலேஜ் சேர்ந்தபோது ஆஃபரில் வாங்கியது. இங்கேதான் என் பி.காம். மூளை முழித்துக்கொண்டது. மிஷினும் 25 ஸ்ட்ரிப்பும் சேர்த்து 699 ரூபாய். வெறும் 25 ஸ்ட்ரிப் மட்டும் 550 ரூபாய். அதாவது டிஸ்ப்ளே, மெமரி, பட்டன், உறை எல்லாம் உள்ள ஒரு எலக்ட்ரானிக் கருவியின் விலை 149 ரூபாய். இவர்கள் மிஷின் விற்கவில்லை, ஸ்ட்ரிப்புக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

மார்க்கெட்டிங் பாடத்தில் இதற்கு 'ரேசரும் பிளேடும்' என்று பெயர். ரேசரை மலிவாகக் கொடு, பிளேடில் சம்பாதி. ஜில்லெட்தான் ஆரம்பித்தது என்று எல்லாரும் சொல்வார்கள். தேடிப் பார்த்தால் கதை வேறு. காப்புரிமை இருந்தவரை, அதாவது 1921 வரை, ஜில்லெட் ரேசரை 5 டாலருக்கு விற்றது. அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. காப்புரிமை தீர்ந்து போட்டி வந்த பிறகுதான் விலை இறங்கியது. பிரின்டர் - இங்க் கதையும் கிட்டத்தட்ட இதே வகைதான். மிஷின் மலிவு, உள்ளே போடுகிற சரக்கு விலை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பிளேடு விலை கட்டுப்படியாகவில்லை என்றால் நான் தாடி வளர்க்கலாம். இங்க் விலை அதிகம் என்றால் ஜெராக்ஸ் கடைக்குப் போகலாம். ஸ்ட்ரிப் விலை அதிகம் என்றால் என்ன செய்வது?

நான் செய்ததைச் சொல்கிறேன். ஐம்பது ஸ்ட்ரிப் டப்பா ஆயிரம் ரூபாய், ஒன்று இருபது ரூபாய். ஒரு நாளைக்கு நாலு, வருடத்துக்கு 1460 ஸ்ட்ரிப். 29,200 ரூபாய். இதில் இன்சுலின் சேரவில்லை, ஊசி சேரவில்லை, ரத்தம் போதாமல் 'எர்ரர்' வந்து வீணாகிற ஸ்ட்ரிப்பும் சேரவில்லை. என் ஒரு வருட காலேஜ் ஃபீஸை விட இது அதிகம். வீட்டில் கேட்டால் தருவார்கள், கேட்கத்தான் மனசு வரவில்லை. அதனால் நாலை ரெண்டாக்கினேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. நடுவில் குத்துமதிப்பு. யாருக்கும் சொல்லவில்லை. பெரிய சிக்கனம் பண்ணிவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை வேறு.

அந்தப் பெருமை இரண்டாம் வருடம் ஒரு ராத்திரியில் இறங்கியது.

மறுநாள் காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல். படித்துக்கொண்டே மெஸ்ஸில் சரியாகச் சாப்பிடாமல் ஊசி மட்டும் வழக்கம் போல் போட்டுவிட்டுப் படுத்தேன். ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தது. பனியன் தொப்பலாக நனைந்திருக்கிறது. கை நடுங்குகிறது. லோ என்று தெரிகிறது, ஆனால் எவ்வளவு லோ? மிஷினை எடுத்தால் எரியவே இல்லை. பேட்டரி போய்விட்டது. வாட்ச் கடையில் விற்கிற வட்ட பேட்டரி. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த வாட்ச் கடை திறந்திருக்கும்?

ரூம்மேட் என்னைத் தாங்கிப் பிடித்து கீழே மெஸ்ஸுக்குக் கூட்டிப் போனான். மெஸ் மாஸ்டர் அங்கேயே படுத்திருப்பார். அவருக்கும் சுகர் உண்டு, மாத்திரை போடுகிறவர். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து முதலில் ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கிக் கொடுத்தார். "குடிங்க தம்பி, அப்புறம் பேசலாம்." குடித்தேன்.

"மாஸ்டர், உங்ககிட்ட மிஷின் இருக்கா?"

"இருக்கு தம்பி. ஆனா பட்டை இல்ல." ஸ்ட்ரிப்பை அவர் பட்டை என்றுதான் சொல்வார். பெட்டியிலிருந்து மிஷினை எடுத்து வந்தார். என்னிடம் முப்பது நாற்பது ஸ்ட்ரிப் இருக்கிறது. அவரிடம் நல்ல மிஷின் இருக்கிறது. என் ஸ்ட்ரிப் அவர் மிஷினில் நுழையக்கூட இல்லை, அகலமே வேறு. சரி, அவர் மிஷினில் இருக்கிற செல்லைக் கழற்றி என்னுடையதில் போடலாம் என்றால், அவருடையது டிவி ரிமோட்டுக்குப் போடுகிற ஒல்லி பென்சில் செல். ஒரு கையில் ஸ்ட்ரிப், இன்னொரு கையில் மிஷின், நடுவில் வியர்த்து ஊற்றிக்கொண்டு நான். ரூம்மேட் ரெண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

லோ வந்தால் 15 கிராம் சர்க்கரை சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது விதி. பார்க்க வழியில்லையே. நடுக்கம் நிற்கிறதா இல்லையா என்று தெரியாமல் பயத்தில் இன்னொரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர், ஒரு பாக்கெட் பிஸ்கட், ரெண்டு வாழைப்பழம். காலையில் கடை திறந்ததும் பேட்டரி வாங்கிப் போட்டுப் பார்த்தால் 318. இன்டர்னல் எப்படி எழுதினேன் என்று கேட்காதீர்கள்.

அன்றைக்குத்தான் மாஸ்டரிடம் கேட்டேன், உங்கள் மிஷினுக்கு ஏன் ஸ்ட்ரிப் வாங்கவில்லை என்று. "அந்தக் கம்பெனிக்காரன் நிறுத்திட்டானாம் தம்பி. ஒண்ணரை வருஷம் ஆச்சு." அப்போ எப்படிப் பார்க்கிறீர்கள்? "எங்க பாக்கறது? மாத்திரை போடறேன்ல. ஒண்ணும் ஆகாது." எனக்கு என் முதல் மிஷின் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் புதுசு வாங்கினோம். மாஸ்டர் பார்ப்பதையே விட்டுவிட்டார். கம்பெனியைப் பொறுத்தவரை ஒரு மாடல் நின்றது, அவ்வளவுதான். இங்கே ஒரு மனிதர் ஒன்றரை வருடம் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார்.

நான்காவது மிஷின் அந்தப் பயத்தில் வாங்கியது. ப்ளூடூத் மாடல், போனிலேயே எல்லாம் வரும், கிராஃப் போடும். ஆப்பை இறக்கினால் மொபைல் எண், ஓ.டி.பி., ஈமெயில், பிறந்த தேதி. அப்புறம் லொகேஷன் வேண்டும் என்றது. என் சுகரைப் பார்க்க நான் எங்கே இருக்கிறேன் என்று எதற்குத் தெரிய வேண்டும்? (பழைய ஆண்ட்ராய்டில் ப்ளூடூத் கருவியைத் தேடவே லொகேஷன் அனுமதி வேண்டும், அதனால்தான் கேட்கிறது என்று கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பன் பின்னால் விளக்கினான். ஆப்பில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.) ஆறு மாதம் கழித்து ஒரு அப்டேட் வந்தது, "உங்கள் போனில் இந்த ஆப் இயங்காது". ஆறு மாத ரீடிங்கும் உள்ளே மாட்டிக்கொண்டது. டாக்டரிடம் பழையபடி நோட்டில் எழுதித்தான் கொண்டு போனேன். நோட்டு இருபது ரூபாய், அப்டேட் கேட்காது :-)

கையில் ஒட்டிக்கொள்கிற சென்சாரும் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது, நல்ல விஷயம், விரல் குத்தும் வேலை குறையும். ஆனால் சுமார் ரெண்டு வாரத்துக்கு ஒரு சென்சார், ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில். இருபது ரூபாய்க்கு யோசிக்கிறவன் அந்தப் பக்கம் எங்கே போவது?

இப்போது என் கேள்வி. ஐரோப்பிய யூனியனில் 2024 டிசம்பர் 28 முதல் விற்கிற எல்லா போனுக்கும் ஒரே சார்ஜர் முனை, டைப்-சி, என்று சட்டம். பெரிய கம்பெனிகளே மாறின. போன் சார்ஜருக்கு வந்த அக்கறை சுகர் ஸ்ட்ரிப்புக்கு ஏன் வரவில்லை?

இதற்கு ஒரு நியாயமான பதிலும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. சார்ஜர் வெறும் கரண்ட். ஸ்ட்ரிப் அப்படி இல்லை, அதுதான் உண்மையான லேப். அதன் நுனியில் ஒரு என்சைம் பூசியிருக்கிறார்கள். ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸோடு அது வினைபுரிந்து மிகச் சிறிய மின்சாரம் வரும். மிஷின் அதை அளந்து எண்ணாக மாற்றுகிறது. மிஷின் கால்குலேட்டர் மாதிரி. எந்த என்சைம், எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சர்க்கரை என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கண்டபடி மாற்றிப் போட்டால் தப்பான எண் வரும், தப்பான எண்ணுக்கு இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. 2009-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. ஒரு எச்சரிக்கை விட்டது. ஒரு வகை என்சைம் உள்ள ஸ்ட்ரிப்புகள், சில டயாலிசிஸ் திரவங்களில் வருகிற வேறு சர்க்கரையையும் குளுக்கோஸ் என்று எண்ணி அதிகமாகக் காட்டின. அதை நம்பி இன்சுலின் கொடுத்ததில் 13 மரணங்கள் பதிவாகியிருந்தன. ஆக, நாளைக்கே எல்லா ஸ்ட்ரிப்பும் எல்லா மிஷினிலும் நுழைய வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் முடியவே முடியாது என்பதையும் நான் நம்பவில்லை. இன்சுலின் பென்னில் திருகுகிற ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த கம்பெனி ஊசியும் பெரும்பாலும் எல்லா பென்னிலும் பொருந்தும். அதற்கு சர்வதேசத் தரம் இருக்கிறது. மிஷினின் துல்லியத்துக்கும் தரம் இருக்கிறது. 2013-ல் வந்த ஐ.எஸ்.ஓ. விதிப்படி, 100-க்கு மேல் உள்ள ரீடிங்குகளில் நூற்றுக்கு 95, லேப் அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். (அதனால் ரெண்டு மிஷினில் 112, 128 என்று வந்தால் ஒன்று ரிப்பேர் என்று சண்டை போடாதீர்கள்.) துல்லியத்துக்கு விதி போட முடிந்தவர்களால், எத்தனை வருடம் ஸ்ட்ரிப் கிடைக்க வேண்டும் என்று ஒரு விதி போட முடியாதா?

நான் கேட்பது நாலே நாலு:

1. மிஷின் விற்பனையை நிறுத்திய பிறகும் இத்தனை வருடம் ஸ்ட்ரிப் கிடைக்கும் என்று அட்டையில் அச்சடிக்க வேண்டும். ஐரோப்பாவில் 2025 ஜூன் முதல் செல்போனுக்கே, விற்பனை நின்ற பிறகு ஏழு வருடம் உதிரி பாகம் கிடைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. செல்போனை விட இது முக்கியமில்லையா?

2. டப்பா மேல் ஒரு ஸ்ட்ரிப்பின் விலையைக் கண்ணில் படும்படி போட வேண்டும். மிஷின் அட்டையிலும் போட வேண்டும். வாங்குகிறவன் 149 ரூபாயைப் பார்த்து ஏமாறாமல் இருபது ரூபாயைப் பார்த்து முடிவெடுப்பான்.

3. ரீடிங்குகளை லாகின், ஆப் எதுவும் இல்லாமல் வெளியே எடுக்க வழி வேண்டும். அது என் ரத்தம்.

4. பத்து ஸ்ட்ரிப் சின்ன டப்பா, பெரிய டப்பாவின் அதே விலை வீதத்தில், எல்லாக் கடையிலும் கிடைக்க வேண்டும்.

நான்காவதுதான் உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது, மாஸ்டர் வரும் வரை.

ப்ளூடூத் மிஷின் வாங்கியதும், மூன்றாவது மிஷினுக்குப் புது பேட்டரி போட்டு, மிச்சமிருந்த ஸ்ட்ரிப்போடு மாஸ்டரிடம் கொடுத்தேன். விரல் குத்துகிற ஊசி மட்டும் அவருக்குப் புதுசு, அதில் விளையாடக் கூடாது. வெறும் வயிற்றில் பார்த்தார். 286. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த வாரமே ஜி.எச். போனார், மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். ரெண்டு மாதத்தில் 150 பக்கம் வந்துவிட்டது. ஸ்ட்ரிப் தீர்ந்ததும் கேட்டார், "தம்பி, இந்தப் பட்டை எவ்வளவு?" சொன்னேன். "ஆயிரமா? சரி, ஒரு டப்பா வாங்கிக்கறேன். மாசத்துக்கு ரெண்டு தடவ பாத்தா ரெண்டு வருஷம் வரும்ல?"

வராது. அந்த டப்பாவைத் திறந்தால் ஆறு மாதம்தான் கணக்கு. அட்டையில் பொடி எழுத்தில் இருக்கிறது. 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்றும் இருக்கிறது. திருச்சி வெயிலில் மெஸ் அடுப்புக்குப் பக்கத்தில் 30 டிகிரி எங்கே போய்த் தேடுவது? ஆறு மாதத்தில் மாஸ்டர் உபயோகிப்பது 12 ஸ்ட்ரிப். மீதி 38 குப்பை. ஆயிரத்தை 12-ஆல் வகுத்தால் ஒரு ஸ்ட்ரிப் 83 ரூபாய்.

தினமும் நாலு தடவை பார்க்கிற எனக்கு 20 ரூபாய். காசில்லாமல் மாதம் ரெண்டு தடவை பார்க்கிற மாஸ்டருக்கு 83 ரூபாய். குறைவாக வாங்க முடிகிறவன்தான் அதிக விலை கொடுக்கிறான். காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னலில் எனக்கு வராத கணக்கு, மெஸ் திண்ணையில் வந்தது.

2025 செப்டம்பர் 22 முதல் குளுக்கோமீட்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜி.எஸ்.டி.யை 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆயிரம் ரூபாய் டப்பாவில் அது 62 ரூபாய் 50 காசு. ஒரு ஸ்ட்ரிப்புக்கு ஒண்ணேகால் ரூபாய். ஆனால் மாஸ்டருக்கு விழுகிற அந்த 63 ரூபாய் கூடுதல் வரியால் வந்ததில்லையே, டப்பாவின் அளவாலும் காலாவதியாலும் வந்தது. தமிழ்நாட்டில் 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதோடு மாதம் ஒரு பத்து ஸ்ட்ரிப்பும் வந்தால் எப்படி இருக்கும்! 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் பத்து கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்கிறது. இத்தனை பேருக்கு மொத்தமாக வாங்கினால் விலை எங்கே நிற்கும் என்று எந்த காமர்ஸ் மாணவனைக் கேட்டாலும் சொல்வான்.

இன்சுலினைக் கண்டுபிடித்த பேன்டிங் குழு அதன் காப்புரிமையை 1923-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குத் தலா ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெருந்தன்மையை எல்லாக் கம்பெனியிடமும் எதிர்பார்க்கிற அளவுக்கு நான் அப்பாவி இல்லை. லாபம் எடுக்கட்டும். நானும் நாளைக்கு ஏதோ ஒரு கம்பெனியில் லாபக் கணக்கு எழுதத்தான் போகிறேன். ஆனால் வாங்க வசதி இல்லாதவனிடம் நாலு மடங்கு வாங்குகிற மாதிரி டப்பா செய்வது லாபம் இல்லை, வேறு ஏதோ.

சரி, அதுவரை என்ன செய்வது? நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம். ப்ளூடூத்தை டிராயரில் போட்டுவிட்டு, மாஸ்டரிடம் இருக்கிற அதே மாடலையே நானும் திரும்ப வாங்கினேன். ஐந்தாவது மிஷின். இப்போது ரெண்டு பேருக்கும் ஒரே டப்பா. மிஷின் தனி, குத்துகிற ஊசி தனி, ஸ்ட்ரிப் மட்டும் பொது. டப்பா என் ரூமில் இருக்கும், ரெண்டு வாரத்துக்குள் தீர்ந்துவிடும், ஒன்று கூட காலாவதி ஆவதில்லை. மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து ஒன்று எடுத்துக்கொண்டு, வேண்டாம் என்றாலும் கேட்காமல் இருபது ரூபாயை வைத்துவிட்டுப் போவார். நானும் திரும்ப நாலு தடவை பார்க்கிறேன். வீட்டில் கணக்கைக் காட்டி, வெட்கப்படாமல் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

உங்கள் வீட்டில் அப்பா அம்மாவுக்கோ தாத்தா பாட்டிக்கோ சுகர் இருந்தால், இன்றைக்கு அந்த மிஷினை எடுத்து ஒரு தடவை பாருங்கள். செல் இருக்கிறதா, ஸ்ட்ரிப் இருக்கிறதா, டப்பாவைத் திறந்து எவ்வளவு நாள் ஆகிறது? பக்கத்து வீட்டில் என்ன மாடல் என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு உதவும்.